திருப்பி அனுப்பிய டம்ளர்

என் வீட்டுச் சனிக்கிழமைக் காப்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் ஆளுக்கொரு டம்ளரைத் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து என் சமையலறை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அது அங்கேயே இருக்கும். ஒருவர் இறந்துபோனால், காரியங்கள் முடிந்த பிறகு அதைத் தேய்த்துத் துடைத்து அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வருவேன். யாரும் வைத்த விதி அல்ல. முதல் சாவின்போது அந்த டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படிச் செய்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

டெல்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டி ஃபிளாட்களில் பாதிப் பேர் கிட்வாய் நகர், ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வேலைக்காலத்தைக் கழித்துவிட்டு வந்தவர்கள். என் வீடு தரைத்தளம் என்பதால் கூட்டம் என்னிடம் சேர்ந்தது. குளிர்காலத்தில் நாற்காலிகள் பின்பக்கத்து வெயிலில். மே மாதத்தில் கூலர் முன்னால்.

தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் இரண்டாம் மாடிக் கும்பகோணத்துக்காரர், அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவர். இன்னொருவர் நாகர்கோவில் எஞ்சினியர். பிறகு மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பஞ்சாபி அம்மாள். கணவர் இல்லை, மகள் கனடாவில். லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே இருந்ததால் உடைந்த தமிழ் பேசுவார். வாரத்தில் ஒருநாள் அவர் இஸ்திரி போட்ட துப்பட்டாவோடு வெளியே வருவதென்றால் அது என் வீட்டுக்குத்தான். லஸ்ஸி குடிக்கிற பெரிய கிலாஸைக் கொண்டுவந்து வைத்திருந்தார். "ஃபுல் போடுங்க பெஹன்ஜி, கஞ்சூஸ் வேண்டாம்" என்பார்.

இந்தப் பிப்ரவரியில் கண் ஆபரேஷனுக்காக நொய்டாவில் மகன் வீட்டில் தங்கவேண்டி வந்தது. காப்பி நிற்கக் கூடாது என்று கும்பகோணத்துக்காரரிடம் சாவியைக் கொடுத்து, டம்ளர்களை எடுத்துப்போய் அவர் வீட்டில் நடத்தச் சொன்னேன். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் எல்லாம் வந்திருந்தன. லஸ்ஸி கிலாஸ் மட்டும் இல்லை.

மூன்றாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறவர்.

"நான் இன்னும் சாகலை, பெஹன்ஜி" என்றார், தமிழில்.

கும்பகோணத்துக்காரர் வீட்டு வேலைக்காரி, பழைய பேப்பரில் சுற்றிய கிலாஸை அவர் கையில் கொடுத்து, சனிக்கிழமைக் காப்பி இனி பந்த் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவரும் நம்பியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை, நேர் கீழ் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் மேலே வந்திருக்கிறது.

இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். எஞ்சினியரும் அங்கே இருந்தார்.

"அந்தம்மா கிலாஸைத் திருப்பி அனுப்பினது யாரு?"

"அது வந்து... அனுப்பும்படி ஆயிடுத்து மாமி" என்றார் கும்பகோணத்துக்காரர்.

பத்திரிகை ஆபீஸில் செய்தி திருத்தியே தலை நரைத்தவள் நான். செய்தவர் பெயரில்லாமல் ஒரு காரியம் தானாக நடந்ததாக எழுதி வந்தால், யார் என்று கேட்காமல் விட்டதில்லை. மறுபடியும் கேட்டேன்.

"நான்தான். கோவிச்சுக்காதீங்கோ. வாரத்துல ரெண்டு மணி நேரம் நம்ம பாஷைல வாய்விட்டுப் பேசலாம்னா, ஒவ்வொரு ஜோக்கையும் அவாளுக்கு ஹிந்தில சொல்ல வேண்டியிருக்கு. சொல்றதுக்குள்ள ஜோக் செத்துப்போயிடறது."

"உங்க ஜோக்குக்கு இன்னும் சிரிக்கறது அவங்க ஒருத்தர்தான் சார். நாங்க எல்லாரும் எத்தனை தடவை கேட்டாச்சு!"

எஞ்சினியர் தொண்டையைச் செருமினார். "நடந்தது தப்புதான், கேட்டியளா."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். பஜ்ஜி தின்னுட்டு இருந்தேன்."

தமிழில் பேச ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் இந்தக் கும்பகோணத்துக்காரர் தன் பேரனோடு பேசுவது முழுக்க ஹிந்தி. அந்தப் பிள்ளைக்கு 'அச்சா தாத்தாஜி'க்கு மேல் வராது. அவனை யாரும் வெளியே அனுப்பவில்லை. யாரும் கேட்காமலே நம் பாஷையைக் கற்றுக்கொண்ட ஒரு பெண்மணியைத்தான் அனுப்பினார். இந்த ஊருக்கு வந்த புதிதில் பால் பூத்திலும் பஸ்ஸிலும் நாம் பேசிய ஹிந்தியை எத்தனை பேர் பொறுத்துக்கொண்டார்கள்! அன்று எவராவது நம்மைப் பாஷை போதாது என்று வாசலோடு அனுப்பியிருந்தால், இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிக் கொதித்துக்கொண்டிருப்போம். அதைக்கூட ஒரு கருத்து வேறுபாடு என்று விடலாம். டம்ளர் எப்போது வீட்டுக்குத் திரும்பும் என்று தெரிந்தவர், உயிரோடு இருக்கிறவருக்கு அதை வேலைக்காரி கையில், ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். இதை எதில் சேர்ப்பது?

மறுபடி மேலே போய்க் கிலாஸைக் கேட்டேன். "அனுப்பினவர் வந்து கேக்கட்டும். உடனே தர்றேன்" என்றார். நியாயம்தான். அதைக் கீழே போய்ச் சொன்னேன்.

"முட்டி வலி மாமி. மாடி ஏற முடியலை."

ஒரே ஒரு மாடி. லிஃப்ட் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை டம்ளர்கள் அத்தனையையும் ஒரு கூடையில் அடுக்கி, ஃபில்டரையும் டிகாஷனையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். இந்த முறை அம்மாள் கதவை அகலத் திறந்தார். தன் கிலாஸ் இருந்த அலமாரியில் மற்றவற்றுக்கும் இடம் ஒதுக்கினார். எஞ்சினியர் பஜ்ஜிப் பொட்டலத்தோடு முதல் ஆளாக வந்து, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். அம்மாள் அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தார்.

கும்பகோணத்துக்காரரின் டம்ளரையும் கொண்டுபோயிருந்தேன். அதை அவர் வீட்டுக்கு அனுப்பும் எண்ணம் எனக்கில்லை. அவர் உயிரோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாள் அதையும் கழுவி மற்றவற்றோடு எடுத்து வைக்கிறார். எல்லாரும் குடித்து முடித்ததும் அது மட்டும் காப்பி படாமலே உள்ளே போகிறது. நாங்கள் சிரிக்கும் சத்தம் கீழே கேட்கும். லிஃப்ட் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.