உப்பு அறியும் மூக்கு

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வாடகை அறையில் இன்று நெத்திலிக் குழம்பு கொதித்ததும், கடலூரில் எங்கள் மீனவர் தெரு கண்முன் வந்துவிட்டது. ஆடி மாதம் அம்மனுக்குப் படைக்கும் முன் குழம்பை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் வீட்டுக்கு வீடு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

"யக்கா, வந்து மோந்து பாருக்கா!"

அம்மா ஆவியில் முகத்தை நீட்டி, "உப்பு பத்தல" என்பாள். ஒருநாளும் தப்பியதில்லை. நான் பெருமையோடு பின்னாலேயே ஓடுவேன்.

கீமோ தொடங்கியதிலிருந்து அந்த மூக்குக்கு எதுவுமே தெரியவில்லை. கஞ்சியைக்கூட நான் கெஞ்சித்தான் ஊட்டுகிறேன்.

திடீரென்று கட்டிலிலிருந்து அம்மாவின் குரல்: "ஏண்டி, கொழம்புல உப்பே போடலியா?"

"ஆமாம்மா! மறந்தே போயிட்டேன்!" கரண்டியோடு ஓடி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"வுடுடி, போய் உப்பப் போடு. பசிக்குது."