ரிங்குப் பூச்சி

உத்திரமேரூர் பக்கத்தில் ஏசுதாசைப் போலப் புளுகுகிற ஆள் கிடையாது. ஆனால் பூச்சி விஷயத்தில் அவர் சொன்னால் அப்பீல் இல்லை. இருபது வருஷமாக முதுகில் ஸ்ப்ரேயரை மாட்டிக்கொண்டு ஊரார் வயலுக்கெல்லாம் மருந்து அடிக்கிறவர். நெல் தூரை விலக்கிப் பார்த்தே புகையானா, தண்டுத் துளைப்பானா என்று சொல்லிவிடுவார். அதோடு நிறுத்தினால் தேவலை. அந்தப் பூச்சிக்கு மாமியார் வீடு எது என்பது வரைக்கும் சொல்வார். களை எடுக்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்த வாய்தான் அவரைக் கெடுத்தது.

மகன் பெஞ்சமின் சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருந்தான். ஆடி மாதம் ஒருநாள் ஏசுதாஸ் வரப்பில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. பையன் கடலில் விழுந்துவிட்டான், நாலு நாள் தேடினோம், இனித் தேடப்போவதில்லை என்றார்கள். கேட்டுவிட்டு மிச்ச மருந்தையும் அடித்து முடித்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவி மனுஷனுக்கு.

மனைவி ஜெயம்மாளிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனார். அந்த நாளை வரவே இல்லை.

“இன்னாயா, புள்ள போனே பண்ல?” என்று அவள் தினம் நச்சரித்தாள்.

“நடுக்கடல்ல டவர் ஏதுமே? நல்லாத்தான் கீறான். ரிங்குப் பூச்சி வந்தாத்தான் போன் வரும்.”

அவள் விழித்தாள். இவர் வாய் பாட்டுக்கு அவிழ்த்துவிட்டது. ரிங்குப் பூச்சிக்கு ஏழு கால். ஆறு நடப்பதற்கு, ஏழாவது சிக்னல் பிடிப்பதற்கு. டவர் கம்பியின் துருதான் அதற்கு நாஷ்டா. ஆண் பூச்சி பெண்டாட்டிக்குப் பயந்து பின்பக்கமாகவே நடக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணியில் பேஜாராகி நாள் முழுக்கத் தூங்கும். எந்தத் தாயின் இடது கையில் உட்காருகிறதோ, அவளுக்கு ஒரு மணி நேரத்தில் பிள்ளை பேசுவான்.

ஜெயம்மாள் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். அன்றைக்கு அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நாற்பது வருஷமாகச் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் பல்லி கத்தினால் விரலால் தரையைத் தட்டுவாள், காக்கா கரைந்தால் ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். பாஸ்டராலேயே மாற்ற முடியவில்லை. பல்லிக்கும் காக்காவுக்கும் தெரிவது ஒரு பூச்சிக்குத் தெரியாதா? மறுநாளிலிருந்து கண்ணில் பட்ட பூச்சிக்கெல்லாம் கால் எண்ணினாள். வாசனைக்குப் பூச்சி ஓடிவிடும் என்று இடது கையில் சோப்புப் போடுவதை விட்டாள். பிறகு வேலைக்குப் போவதையும் விட்டாள். வரப்பு வரப்பாகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏசுதாசுக்குத் தன் நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

கார்த்திகையில் பெரிய நிலக்காரர் வரதன் வயலில் புகையான் விழுந்தது. வட்டம் வட்டமாகப் பயிர் கருகியது. கூப்பிட்டு அனுப்பினார். ஏசுதாஸ் ஸ்ப்ரேயரோடு சேற்றில் இறங்கினார். ஜெயம்மாள் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே நின்றாள்.

“அடிக்காதயா! அதுவும் இதுக்குள்ள இருந்தா செத்துடும். அப்றம் என் புள்ள எப்டிப் பேசுவான்?”

“அப்டி ஒரு பூச்சியே இல்லமே. சும்மா சொன்னேன். பொய்.”

அவள் கைகள் மெல்ல இறங்கின. அவர் முகத்தையே பார்த்தாள்.

“பூச்சி பொய்னா, புள்ள நல்லாக் கீறான்னு சொன்னியே, அது?”

இதுதான் சமயம், சொல்லித் தொலை என்று மனசு இடித்தது. சொன்னால் இவளும் மிஞ்ச மாட்டாள் என்று பயந்தார். வரப்பிலிருந்து வரதன், “இன்னாடா பாத்துக்கினு கீற, பயிரு போவுது!” என்று கத்தினார்.

ஏசுதாஸ் ஸ்ப்ரேயரைக் கழற்றி வரப்பில் வைத்தார்.

“பூச்சி கீதுமே. கோவத்துல சொல்ட்டேன்.”

“மெய்யாலுமா?”

“மெய்யாலும்தான்.”

குனிந்து, அவளுக்குப் பக்கத்திலேயே தூர் தூராக விலக்கி, ஏழு கால் பூச்சியை அவரும் தேட ஆரம்பித்தார்.