ஆறு மணிக்கு மூடிய அடுப்படி

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 5.52. மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. வெளித் தாழ்வாரத்தில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் டம்ளர் உருண்டது. அடுத்து பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் என் மனைவி தரையில் ஒருக்களித்துக் கிடக்கிறாள். வேர்வையில் நைட்டி தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, பதில் இல்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர 11 நிமிடம்.

இதெல்லாம் என் எடையில் தொடங்கியது. கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க்காக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றபின், ஒரு கொண்டோமினிய அடுக்குமாடியில் இரவுக் காவலாளியாக 11 வருடம் இருந்தேன். இரவு இரண்டரை மணிக்கு எண்ணெயில் புரட்டிய மீ கோரேங் நூடுல்ஸ், வேலை முடிந்து காலை ஏழு மணிக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், அதோடு படுக்கை. சேர்ந்தபோது 68 கிலோ, விட்டபோது 84.6. பலதுறை மருந்தகத்தில் இளம் டாக்டர் ஒருவர் சொன்னார்: "அங்கிள், உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அது பகல்ல சாப்பிடச் சொல்லுது. நீங்க அது தூங்குற நேரமாப் பாத்து சாப்பிட்டிருக்கீங்க. இனிமே டின்னரைச் சீக்கிரம் முடிச்சுப் பாருங்க."

அவர் அதை எனக்குச் சொன்னார். நான் வீடு முழுவதற்கும் சட்டமாக்கினேன். காலை எட்டு மணிக்கு முன் வாயில் எதுவும் போகக் கூடாது. மாலை ஆறு மணிக்கு அடுப்படி விளக்கு அணைய வேண்டும். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கும் நல்லது என்றே நினைத்தேன். அவளுக்குச் சர்க்கரை இருந்தது, அதற்கு மாலையில் ஒரு மாத்திரை. தேக்கா கடைத்தெருவில் ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, தினமும் எழுதினேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருவருக்கும் எடை.

எதிர் வீட்டு அம்மாவுக்குப் பூர்வீகம் காயல்பட்டினம். எங்கள் கதவைத் தாண்டும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் போகமாட்டார். "என்ன அண்ணே, உங்க வீட்டு அடுப்படி கிளினிக் மாதிரி லா, ஆறு மணிக்கு டாண்ணு ஷட்டர் எறங்கிடுது! நாங்க வருசத்துல ஒரு மாசம் நோன்பு புடிக்கிறோம், நீங்க அக்காவ வருசம் பூரா புடிக்க வெக்கிறீங்களே!" என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஆறு மாதத்தில் நான் 84.6லிருந்து 77.9க்கு வந்தேன். அவள் 58.2லிருந்து 49.4. என்னைவிட 2.1 கிலோ அதிகம் குறைத்துவிட்டாள் என்று அவளைப் பாராட்டினேன். அடுத்த பரிசோதனையில் காட்டி டாக்டரை அசத்தலாம் என்று, இடையில் மருந்தகத்துக்கு எதுவும் தெரிவிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் அவளுடைய கைப்பையில் மிட்டாய்க் காகிதங்கள் இருப்பதைப் பார்த்தேன். எண்ணினேன், ஏழு.

"நேரங்கெட்ட நேரத்துல என்ன இனிப்பு? சின்னப் புள்ளையா நீ?"

"கை நடுங்குதுங்க. ஒண்ணு வாயில போட்டா நிக்குது."

"பழக்கம் மாறுதுல்ல, அப்படித்தான் இருக்கும். திருட்டுத்தனமா தின்னா எடை எங்கேருந்து குறையும்?"

மிட்டாய் டப்பாவை எடுத்துப்போய் எதிர் வீட்டில் கொடுத்துவிட்டேன். அதன்பின் அவள் கைநடுக்கம் பற்றிப் பேசவில்லை. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அவசரப் பிரிவில் இடுப்பெலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். விழுந்ததற்குக் காரணம், சர்க்கரை அளவு அடியோடு இறங்கியிருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் தாதி ஒருத்தி குறிப்பெடுக்க வந்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி நேத்து டின்னர் எத்தன மணிக்கு சாப்பிட்டாங்க?"

நோட்டு கையில் இருந்தது. "5.50. மாத்திரை 6.00."

"5.50 யாரு சாப்பிட்ட டைம்?"

"நான்."

"ஆன்ட்டி எப்போ சாப்பிட்டாங்கன்னு கேட்டேன் அங்கிள்."

பக்கங்களைப் புரட்டினேன். நான் உட்கார்ந்த நேரம் இருந்தது, எழுந்த நேரம் இருந்தது, அவள் மாத்திரை போட்ட நேரம் இருந்தது, இருவர் எடையும் இருந்தது. அவள் சாப்பிட்ட நேரத்துக்குக் கோடே போடவில்லை.

நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். 44 வருடம் அப்படித்தான். அவளை அப்படி இருக்கச் சொன்னது நானில்லை. வேண்டாம் என்றும் நான் சொன்னதில்லை. 5.50க்கு நான் எழுவேன். அவள் மேசையைத் துடைப்பாள், பாத்திரத்தை ஒதுக்குவாள். ஆறு அடித்ததும் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு நானே போய் விளக்கை அணைப்பேன். மருந்துச் சீட்டில் 'உணவுக்குப் பின்' என்றிருந்தது. உணவு முடிந்துதானே இருந்தது, என்னுடையது. மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் அவள் எத்தனை நாள் நாலு வாய் சோறு அள்ளிப் போட்டாள், எத்தனை நாள் அதுவும் இல்லாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுப் படுத்தாள் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தது, மாலை 5.30க்கு. கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். உதட்டைத் திறக்கவில்லை.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"பொய். வாயப் பாத்தாலே தெரியுது."

கீழே இறங்கி ஒரு பன் வாங்கி வந்து அவள் கண்முன்னால் தின்று முடித்தேன். அப்புறம் கஞ்சியில் ஐந்து கரண்டி இறங்கியது. மறுநாளும் அப்படித்தான். தாதி பார்த்துவிட்டு, "அங்கிளுக்கு டயட் போச்சு லா" என்றாள். இங்கே வந்து இரண்டு வருடத்தில் இந்த ஊர் 'லா' அவள் பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி கொஞ்சம் சிரித்தாள்.

பிறகு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்றார்கள். கடைசி நான்கு மாலைகளும் நான் பன்னைத் தின்று முடித்துவிட்டு, வெறும் காகிதத்தை அவளிடம் காட்டினேன். அவள் வாய் திறக்கவில்லை. ஏப்ரல் 9, ஞாயிறு, காலை 6.20க்கு இறந்தாள். எடை பார்க்கும் நாள். இப்போது என் எடை என்ன என்று தெரியாது. தராசைக் குப்பைக்கு அனுப்பிவிட்டேன்.

மருத்துவச் சேமிப்பும் காப்புறுதியும் கொடுத்தது போக மருத்துவமனைக்கு நான் கையிலிருந்து கட்டியது 2,317 வெள்ளி 45 காசு. பன் 23, ஒன்று 1 வெள்ளி 80 காசு வீதம் 41 வெள்ளி 40 காசு. ஆக மொத்தம் 2,358 வெள்ளி 85 காசு.