விரல் நின்ற இடம்

கே.கே. நகரில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சிசிடிவி வீடியோ வந்தது. பூக்காரம்மாவை ஸ்கூட்டரால் இடித்துவிட்டு நிற்காமல் போகிறவள் என் மகள். "யாருங்க இந்தப் பொண்ணு? அந்தம்மாவுக்குக் கை முறிஞ்சிருச்சு" என்று கேட்டிருந்தார்கள்.

மகளிடம் காட்டினேன். அவள் பதறவே இல்லை.

"போலி வீடியோன்னு போட்டுடுங்கப்பா. லஞ்ச வீடியோவுல மாட்டுனப்ப உங்க கட்சித் தலைவர் அதைத்தானே சொன்னாரு? என்னமா சமாளிக்கிறாருன்னு நீங்கதானே ரசிச்சீங்க?"

‘இது என் மகள்தான்’ என்று எழுதப் போனை எடுத்தேன். ‘இது’ என்று தட்டியதுமே ‘போலி வீடியோ’ என்று போனே எடுத்துக் கொடுத்தது. தலைவருக்காக எத்தனை குழுக்களில் அதை எழுதியிருந்தேன்! என் விரல் அதன்மேல் போய் நின்றது.

கடைசியில் உண்மையைத்தான் எழுதினேன். ஆனால் விரல் அங்கே நின்றதை மகள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்துவிட்டாளே என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.