மார்கழி கேஸ்

கலிபோர்னியாவில், மில்பிடாஸில் மளிகைக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஹூஸ்டன் பக்கத்து சுகர் லேண்டிலிருந்து போன் வந்தது. காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த சிதம்பரம் அங்கிள் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மார்ச் மாதம். அவர் வீட்டு ஹாலில் யார் யாருடைய வரிக் காகிதங்களோ பாதியில் கிடந்திருக்கும். எடுத்த சாமான்களை அங்கேயே வைத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்து அழுதேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்குடிக்காரர். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. தொண்ணூறுகளில் ஹூஸ்டன் ஆய்வுக்கூடங்களுக்கு ஜே-ஒன் என்கிற பரிமாற்ற விசாவில் வந்த நம்மவர்களுக்கு, பிப்ரவரி பிறந்தால் அவர் வீடுதான் கதி. வரிக்கணக்குப்படி ஒருவர் இந்த நாட்டு ரெசிடென்ட்டா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அதைப் பொறுத்து நிரப்பும் படிவமே வேறு. அங்கிள் சம்பளச் சீட்டைத் தொடமாட்டார். "பாஸ்போர்ட்டைக் குடுங்க. இந்த நாட்டுல முதல்ல எப்ப கால் வச்சீங்க?" என்பார். அவசரப்பட்டு "ரீஃபண்ட் வருமா அங்கிள்?" என்று கேட்டவர்களுக்கு அவர் மனைவி மீனாட்சி ஆன்ட்டியிடமிருந்து காப்பி வரும், அங்கிளிடமிருந்து பதில் வராது.

விஷயம் இவ்வளவுதான். முதல்முறை வரும் ஆராய்ச்சியாளருக்கு இரண்டு காலண்டர் வருடங்கள் கணக்கில் சேராது. மூன்றாவது வருடத்திலிருந்து நாட்களை எண்ண ஆரம்பிப்பார்கள். வருடம் முழுக்க இங்கேயே இருந்தால் ஆள் ரெசிடென்ட். வில்லங்கம் எங்கே என்றால், வருடக் கடைசியில் வந்து இறங்கினாலும் அது ஒரு முழு வருடமாகிவிடும். "டிசம்பர் முப்பத்தொண்ணாந்தேதி ஏர்போர்ட்ல இறங்கினாலும் சரி, ஒரு வருஷம் போச்சு" என்று அங்கிள் கையைத் தட்டிக் காட்டுவார்.

எனக்கு ஜனவரியில் வேலை. அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மார்கழியில் பெண்ணை அனுப்பவே மாட்டேன் என்று திருநெல்வேலியில் மாமனார் ஒரே பிடிவாதம். கார்த்திகை முடிவதற்குள் எங்களை விமானம் ஏற்றிவிட்டார். நியூ ஜெர்சியில் மனைவியின் அக்கா வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியே அந்த மாதத்தை ஓட்டினோம். நல்ல நாள் பார்த்துப் பெட்டியை மட்டும் முன்கூட்டியே எதிர்வீட்டில் கொண்டுபோய் வைப்போமே, என் மனசில் அந்தப் பயணமும் அப்படித்தான் பதிந்திருந்தது. உண்மையான வருகை ஹூஸ்டனில் வேலையில் சேர்ந்ததுதான் என்று நினைத்திருந்தேன்.

முதல் தடவை வரிக் கணக்கை ஆய்வுக்கூடத்திலேயே யாரோ எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை அங்கிளிடம் போனேன். பாஸ்போர்ட் அந்தச் சமயம் புதுப்பிக்கப் போயிருந்தது. எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். ஜனவரி என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வாய்வார்த்தையை நம்பி, ரெசிடென்ட் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். தபாலில் அனுப்பியும் ஆயிற்று.

அந்தக் கோடையில் என் மனைவி சுதாவுக்கு வளைகாப்பு. எங்கள் அபார்ட்மென்ட் நிறையக் கூட்டம். அதில் பாதிப் பேர் அங்கிளிடம் வரிக் கணக்கு போட்டவர்கள். சுதா பெண்களிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்த ரெண்டாம் நாளே ஸ்னோ! நான் செருப்போட வெளிய போயிட்டேன்."

தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அங்கிள் நிமிர்ந்து பார்த்தார். "ஹூஸ்டன்ல ஏதும்மா ஸ்னோ?"

"நியூ ஜெர்சில அங்கிள். டிசம்பர்ல. எங்கப்பா மார்கழிக்கு முன்னாடியே எங்களைத் துரத்தி விட்டுட்டாரே!"

அவர் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவினார். நேராக என்னிடம் வந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "சேகர், உங்க டேக்ஸ்ல தப்பு பண்ணிட்டேன். அந்த டிசம்பரையும் சேத்தா போன வருஷம் உங்களுக்கு மூணாவது வருஷம். நீங்க ரெசிடென்ட்."

எச்-ஒன் என்கிற வேலை விசாவுக்கு மாற அப்போதுதான் விண்ணப்பம் போயிருந்தது. அது நின்றுபோனால் பிரசவ நேரத்தில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "அங்கிள், ப்ளீஸ், மெதுவாப் பேசுங்க. இப்பப் போய் அமெண்ட் பண்ணா எதையாவது கிளறுவாங்க. யாரும் கண்டுபிடிக்கப் போறதில்ல" என்றேன்.

"கண்டுபிடிக்கறது அவங்க வேலை. பாஸ்போர்ட் பாக்காம எழுதினது நான். பேசாம விட்டா, நாளைக்கு க்ரீன் கார்டு இன்டர்வியூல உங்களைத்தானே கேப்பாங்க?"

ஆன்ட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நாலு பேர் முன்னாடியா சொல்லணும்? தனியாச் சொல்லக் கூடாதா?"

"அந்த நாலு பேருக்கும் நான்தானே டேக்ஸ் போட்டுக் குடுத்தேன்? எல்லாரும் பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வாங்க. மறுபடியும் பாத்துடறேன்."

விசேஷ வீட்டில் இது தேவையா என்று எனக்கு எரிச்சலான எரிச்சல். அங்கிள் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. சனிக்கிழமை திருத்திய படிவத்தோடு அவரே வந்து நின்றார். கையெழுத்துப் போட்டேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு குடும்பங்கள் அவரை விட்டுவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டன. அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை.

யாரும் எதையும் கிளறவில்லை. எச்-ஒன் வந்தது, மகள் பிறந்தாள், கலிபோர்னியாவுக்கு மாறினோம். க்ரீன் கார்டு இன்டர்வியூவில் அதிகாரி நான் வந்த தேதியைப் பார்த்தார், அந்த வருட வரிக் காகிதத்தைப் பார்த்தார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் அங்கிளுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "மார்கழி கேஸ் பாஸா?" என்று கேட்டுவிட்டு உரக்கச் சிரித்தார்.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. புதிதாக வருபவர்களை எல்லாம் "மார்கழிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்க ஆரம்பித்தார். என் பழைய ஹூஸ்டன் ஆய்வுக்கூடத்துச் சீன நண்பர் ஒருவரையும் அப்படியே கேட்டுவைத்தார். அவரும் அது ஏதோ சட்டச் சொல் என்று பயபக்தியோடு தலையாட்டினார்.

இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் மகள் வள்ளி, "அப்பாவோட ஃப்ரெண்ட், சேகர் அங்கிள்" என்று ஓர் இளம் தம்பதிக்கு என்னை அறிமுகம் செய்தாள். அந்தப் பையன் என்னையே பார்த்தான்.

"மார்கழி கேஸ் சேகரா சார்? உங்களைப் பத்திச் சொல்லித்தான் எங்க பாஸ்போர்ட்டை வாங்கினார். 'பாஸ்போர்ட்டும் பாக்கலை, எப்ப வந்தீங்கன்னு கேக்கக்கூட இல்ல. நான் பண்ணின ஒரே பெரிய தப்பு'ன்னார்."

அவர் கேட்டார். ஜனவரி என்று சொன்னது நான். இத்தனை வருடம், இத்தனை பேரிடம், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அவர் என் கதையைச் சொல்லியிருக்கிறார்.

"இல்லப்பா, அவர் கேட்டார்" என்று அந்தப் பையனிடம் சொன்னேன். இனி இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அந்த வரியைச் சேர்த்தே சொல்வேன். மார்கழி கேஸ் என்ற பெயரை மட்டும் அவர் ஞாபகமாக நானே வைத்துக்கொள்கிறேன்.