மூன்றாம் ஜன்னலின் விருப்பப் பாடம்

விண்ணப்பத்தை அவர் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். பெயர், பதிவு எண், துறை எல்லாம் அப்புறம். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, 'இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம்' என்ற கடைசி இரண்டு வரி இடத்தில் விரலை வைப்பார். பெரும்பாலும் அங்கே 'ஆர்வம்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். அப்போதுதான் நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் முகத்தைப் பார்ப்பார்.

"ஆர்வமா? வியாழக்கிழமை மத்தியானம் உனக்கு லேப் இல்ல, அதனாலதானே?"

மாட்டிக்கொண்ட பிள்ளை அசடு வழியும். முத்திரை 'டொப்' என்று விழும்.

எங்கள் பல்கலைக்கழகப் பதிவு அலுவலகத்தில் மூன்று ஜன்னல்கள். முதலாவதில் சேர்க்கை, இரண்டாவதில் சான்றிதழ், மூன்றாவது இவருடையது. பொறியியலோ மருந்தியலோ, யார் எதைப் படித்தாலும் தன் துறைக்கு வெளியே கலையோ மொழியோ ஒரு பாடம் படித்தால்தான் பட்டம். அந்த ஒரு பாடத்துக்கான தாள்கள் அத்தனையும் இவர் கைவழியாகத்தான் போகின்றன. மாணவர்கள் தங்களுக்குள் இவரை 'மூணாம் ஜன்னல்' என்பார்கள். நேரில் மட்டும் அக்கா.

நான் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தரை மணித் தேநீருக்கு நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்காருவது பழக்கம். அங்கேதான் யார் எதை எடுத்தார்கள் என்ற செய்தியெல்லாம் எனக்குக் கிடைக்கும். பொறியியல் பிள்ளைகள் இசை ரசனைக்கு ஓடுகிறார்கள். அங்கே எழுத்து வேலை குறைவு. பல் மருத்துவம் படிக்கும் பெண் ஒருத்தி ஓவியம் எடுத்தாளாம். "யாரை வரைஞ்சாலும் வாயைத் திறந்துவெச்சுத்தான் வரையுது சார் அந்தப் பொண்ணு!" என்று சொல்லிவிட்டு, சிரிப்பே இல்லாத முகத்தோடு தேநீரை உறிஞ்சுவார். அந்த முகம் அப்படித்தான். இருபது வருடம் ஜன்னலில் உட்கார்ந்து பதப்பட்ட முகம். "கோபத்தையும் காட்டக்கூடாது, சலுகையும் காட்டக்கூடாது. காட்டினா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்க."

அவரும் ஒரு மாணவிதான் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. வேலை பார்த்துக்கொண்டே நிர்வாகவியல் படிக்கிறார். ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம், முடிந்தால் இரண்டு. எட்டு வருடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார், அந்த ஒரு விருப்பப் பாடத்தைத் தவிர. பட்டம் கைக்கு வந்தால் பிரிவுத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் போகும். ஆனாலும் மூன்று செமஸ்டர்களாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

"ஊருக்கெல்லாம் முத்திரை குத்துறேன். எனக்கு எது வேணும்னு மட்டும் தெரியல சார்."

கடைசியில் சைகை மொழியை எடுத்தார். புதன்கிழமை நான்கு மணிக்கு வகுப்பு. ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்துவிடலாம். காரணம் என்ற இடத்தில் 'நேரம் ஒத்துவருகிறது' என்று எழுதினார். அப்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஆர்வம் என்று எழுதக் கூடாதா என்று கேட்டதற்கு, "எழுதினா நானே என்னைப் பிடிச்சிருவேன்" என்றார். தன் தாளில் தானே முத்திரை போடக்கூடாதென்று இரண்டாம் ஜன்னலுக்குப் போய்க் குத்தி வாங்கி வந்தார்.

வகுப்பில் பதினான்கு இளம்பிள்ளைகள், இவர் பதினைந்தாவது. ஆசிரியைக்குக் காது கேட்காது. உள்ளே போனால் யாரும் வாய் திறக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் பலகையில் எழுத வேண்டும். இவர் விரல்கள் சட்டென்று பழகிவிட்டன. இருபது வருடம் தாள் எண்ணிய விரல்கள் அல்லவா? தகராறு முகத்தில்தான். அந்த மொழியில் கேள்வி என்றால் புருவமும் சேர்ந்து கேட்க வேண்டும். வருத்தம் என்றால் முகமும் வருந்த வேண்டும். ஆசிரியை பலகையில் எழுதிக் காட்டினாராம்: 'கை சரி. முகம் எங்கே?'

வீட்டில் கண்ணாடி முன் நின்று புருவத்தை ஏற்றி இறக்கிப் பழகினார். கல்லூரியில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, கண்ணாடியோட என்னம்மா சண்டை?" என்று கேட்டிருக்கிறாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிரதி எடுக்கும் அறை. அதைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் 'ஜெராக்ஸ் அண்ணன்' என்போம். பிறவியிலேயே காது கேட்காதவர். அவருக்கும் மூன்றாம் ஜன்னலுக்கும் ஒன்பது வருடப் பழக்கம். இவர் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கட்டோடு சேர்த்து மேஜையில் வைத்துவிட்டு ஏறி வந்துவிடுவார். சொன்ன நேரத்துக்குப் பிரதிகள் தயாராக இருக்கும். "சாதுவான மனுஷன் சார். தான் உண்டு, தன் மிஷின் உண்டு" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வகுப்பு தொடங்கிய மூன்றாம் வாரம், புதன்கிழமை காலை, துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கீழே இறங்கினார். எப்படி இருக்கிறீர்கள் என்று கையால் கேட்டார். அண்ணன் ஒரு கணம் அப்படியே நின்றாராம். பிறகு கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"குழாய் உடைஞ்ச மாதிரி சார்! கை எங்க போகுது, எங்க வருதுன்னே தெரியல. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டே நின்னேன்."

அந்த வெள்ளத்தில் இவர் பிடித்துக்கொண்டது மூன்றே சைகைகள். நீ. தினமும். இன்னொன்று என்னவென்று தெரியவில்லை. அன்று மாலை வகுப்பில் அதைச் செய்து காட்டி, இது என்ன என்று கேட்டார். ஆசிரியை பலகையில் எழுதினார்: 'கோபம்.'

மறுநாள் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அவர் தொடவில்லை.

"நீ தினமும் கோபமா இருக்கேங்கிறார். நான் ஆமா ஆமாங்கிறேன். ஒன்பது வருஷம் சார்! நான் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை வையல. நல்லபடியாத்தான் இருக்கோம்னு நெனச்சேன்."

"அந்தத் துண்டுத் தாள்ல என்ன எழுதுவீங்க அக்கா?"

"என்னத்த எழுதுவேன்? நாப்பது பிரதி, ரெண்டு பக்கம், உடனே."

அவரே தொடர்ந்தார்.

"உடனேங்கிறதுக்குக் கீழ ரெண்டு கோடு போடுவேன். அவசரம்னு தெரியணுமில்ல?" கோப்பையைச் சுழற்றினார். "வெச்சுட்டு வந்துருவேன். அவர் முகத்தைப் பார்த்ததில்ல."

அதன்பின் கீழ்த்தளத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். எது வேண்டுமானாலும் அலுவலகப் பிரிண்டரிலேயே ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டார். வகுப்பில் கைகளும் தடுமாறத் தொடங்கின. மகள் யோசனை சொன்னாள்: "விட்டுடும்மா. மியூசிக் மாத்திக்கோ. சும்மா உக்காந்து கேட்டா போதும்."

ஆறாம் வாரத்து வெள்ளிக்கிழமை, பாடம் மாற்றக் கடைசி நாள். அவர் தன்னுடைய விண்ணப்பத்தைத் தானே நிரப்பினார். விடுவது: சைகை மொழி. சேர்வது: இசை ரசனை. காரணம்: கஷ்டமாக இருக்கிறது. கையெழுத்திட்ட தாளுக்கு இரண்டு பிரதி வேண்டும். பிரிண்டர் அச்சடிக்கும், பிரதி எடுக்காது. வேறு வழியில்லாமல் கீழே இறங்கினார்.

தாளை நீட்டினார். துண்டுத் தாள் எதுவும் வைக்கவில்லை. இரண்டு விரலைக் காட்டினார்.

ஜெராக்ஸ் அண்ணன் தன் கைக்கு வரும் எதையும் படிக்காமல் விடமாட்டார். இதையும் படித்தார், முதல் வரியிலிருந்து கடைசி வரை. கஷ்டமாக இருக்கிறது என்ற இடத்தில் விரலை வைத்தார். அதே விரலால் தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு, முதல் வாரத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் மிக மெதுவாகக் கைகளை அசைத்தார். எனக்கும். ஒன்பது வருடம்.

"மொதத் தடவையா ஒரு வாக்கியம் முழுசாப் புரிஞ்சுது சார்" என்று திங்கட்கிழமை என்னிடம் சொன்னார். "புரியாமலே இருந்திருக்கலாம்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதற்கான சைகை அவருக்குத் தெரியும். கை எழுந்ததாம், பாதியில் நின்றுவிட்டதாம். கண் கலங்கிவிட்டது. உதடு கோணியது. வகுப்பில் எத்தனை முறை சொல்லியும் வராத முகம், கூப்பிடாமலே வந்து நின்றது. அண்ணன் பதறிப்போய்த் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். விண்ணப்பத்தை இயந்திரத்தில் வைக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். இவர் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே வந்தார். நான்கு மணிக்கு ஜன்னல் மூடியது. அந்தத் தாள் கைப்பையிலேயே இருந்துவிட்டது.

அந்தப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது 'சி'. எட்டு வருடப் படிப்பில் வாங்கிய ஒரே 'சி'. பட்டம் வந்துவிட்டது, பதவிக்கான கோப்பு ஏதோ மேஜையில் தூங்குகிறது. அதைப் பற்றிக் கேட்டால் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. சொல்வதற்கு அவரிடம் வேறு செய்திகள் இருக்கின்றன.

"அந்த மனுஷனைப் போய் சாதுன்னேனே! வாயாடி சார், சரியான வாயாடி. யாரு வேற வேலைக்கு மனு போடுறா, யாரு ஆறு வருஷமா அதே கேள்வித்தாளைக் குடுக்கிறா, எல்லாம் அவருக்குத் தெரியும். உங்களைப் பத்தியும் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"அது எதுக்கு இப்ப?"

நான் இந்த வருடம் கேள்வித்தாளை மாற்றிவிட்டேன்.

இருவரும் இப்போது நிஜமாகவே சண்டை போடுகிறார்கள். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்காமல் தாள் அனுப்புகிறாய் என்று அவர். ஓரம் கறுப்படித்த பிரதி தருகிறாய் என்று இவர். மூன்றாம் ஜன்னலில் நிற்கும் பிள்ளைகளுக்கும் ஒரு மாற்றம் தெரிகிறது. கேள்வி கேட்கும்போது அக்காவின் புருவங்கள் ஏறுகின்றன. "காமெடியா இருக்குடா, ஆனா பயமா இல்ல" என்று ஒருவன் சொன்னதை நானே கேட்டேன்.

போன வாரம் படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். வகுப்பு விட்ட நேரம். மேலும் கீழுமாக ஒரே கூட்டம். இரண்டு கையிலும் தடித்த கோப்புக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். எதிரே இறங்கி வந்த ஜெராக்ஸ் அண்ணன் நான்கு படி மேலேயே நின்று எதையோ கையால் கேட்டார். அக்கா சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நின்றார். பின்னால் வந்த பிள்ளைகள் அவர் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள். முழங்கால் வலியோடு குனிந்து, ஒரு கட்டைப் படியில் வைத்தார். மற்றொன்றை அதன்மேல் வைத்தார். முதுகை நிமிர்த்தி, கைகள் இரண்டையும் உயர்த்தினார்.