அழையாமல் வருகிறவருக்கு ஓர் அழைப்பு

"இன்னும் மூணே வருஷம். அப்புறம் இந்த நாட்டுல ஒருத்தன்கூட விருந்தாளி வருவானா மாட்டானான்னு வாசக்கதவையே பாத்துக்கிட்டு நிக்க மாட்டான். எழுதி வெச்சுக்கோங்க."

நீஷ் நகரத்து மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தில், ஒரு கையில் பாலாடைக்கட்டி அடைத்த புரெக் ரொட்டியும் மறு கையில் தயிர்க் கோப்பையுமாக நின்றுகொண்டு வுகாஷின் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டான். எழுதி வைத்துக்கொள்ள யாரிடமும் பேனா இல்லை. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் அவனுடைய கூட்டாளி ரெல்யா. மற்றவன் வரிசையில் பின்னால் நின்றவன். அவன் வாயைத் திறந்தது "கொஞ்சம் நகருங்க பாஸ்" என்று சொல்வதற்காகத்தான்.

தொழில் தொடங்கிப் பெரிய ஆளானவர்களின் கதைகளில் தவறாமல் ஒரு கார்ஷெட் வரும். வுகாஷினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் அப்பா திஹொமிர் ஓட்டுகிற வண்டி நகரப் பேருந்து. அதை அவர் பணிமனையிலேயே விட்டுவிட்டு வருவார். ஆகையால் 'ஸ்வோனோ' என்ற நிறுவனம் ரெல்யா தங்கியிருந்த விடுதியின் துணி துவைக்கும் அறையில் உதயமானது. ஸ்வோனோ என்றால் மணி. அங்கே கதகதப்பாக இருக்கும், இணையமும் நன்றாக வரும். யாராவது போர்வை துவைக்க வந்தால் மட்டும் நிர்வாகக் குழுக் கூட்டம் ஒத்திவைக்கப்படும்.

வுகாஷின் கண்டுபிடித்த பிரச்சினை அவன் வீட்டிலேயே வளர்ந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர், அவருக்கு வருஷத்தில் ஒரு நாள், அந்த நாளில் ஸ்லாவா என்னும் விருந்து. அன்றைக்குக் கதவைத் தாழிடுவதில்லை. யாரையும் அழைப்பதும் இல்லை. ஒரு முறை வந்தவர் வருஷாவருஷம் வருவார், அவ்வளவுதான் ஏற்பாடு. எத்தனை பேர், எப்போது, எவ்வளவு பசியோடு என்பது புனிதருக்கே வெளிச்சம். அம்மா தெசாங்கா முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்து ஒரு பட்டாளத்துக்குச் சார்மா சுருட்டுவாள். வீட்டுத் தலைவர் அன்று உட்காரக் கூடாது என்பதால் அப்பா சுவரோரம் நின்றபடி, வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வராதவர்களுக்காகக் கதவைப் பார்ப்பார். சிறுவயது முதல் இதைப் பார்த்து வந்த வுகாஷினுக்கு மூன்றாம் ஆண்டுப் படிப்பில் ஞானம் பிறந்தது. இது பண்டிகை இல்லை, திட்டமிடல் கோளாறு.

ஸ்வோனோ செயலி விருந்தாளிகளுக்கு ஆளுக்கொரு நேரம் ஒதுக்கும். வருவார்களா என்று கேட்கும். வீட்டுக்காரர் கதவைப் பார்க்க வேண்டாம், திரையைப் பார்த்தால் போதும்.

"மச்சி, ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாதேடா," என்றான் ரெல்யா.

"இது அழைப்பு இல்ல. அறிவிப்பு."

"மேல 'வருக'ன்னு போட்டிருக்கியே."

"அது மரியாதைக்குடா."

இளம் நிறுவனங்களுக்கான போட்டியில் பெயர் கொடுத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் விதாக். பல காலம் டப்ளினில் இருந்துவிட்டு வந்தவர். கையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும், தாகம் இருந்து யாரும் பார்த்ததில்லை. "யோசனை அருமை தம்பிகளா. ஆனா தரவு எங்கே? ஒரு நிஜ வீட்டுல, நிஜ ஜனங்கள வெச்சுச் சோதிச்சுட்டு வாங்க," என்றார். ரெல்யா வீட்டு ஸ்லாவாவுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. வுகாஷின் வீட்டுக்கு நவம்பரில், புனித திமித்ரி நாளில். விஞ்ஞானத்துக்காகத் தங்கள் உடம்பிலேயே ஊசி குத்திக்கொண்டவர்கள் உண்டு. வுகாஷின் அப்பாவின் உடம்பில் குத்தினான். அவர் போனைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று வாங்கி, அதிலிருந்த எண்களையெல்லாம் செயலிக்குள் கொட்டிப் பொத்தானை அமுக்கினான்.

"அன்புள்ள விருந்தினரே, திஹொமிர் இல்லத்து ஸ்லாவாவுக்கு வருக. உங்களுக்கான நேரம்: மாலை 4.15 முதல் 5.45 வரை. வருகையை உறுதிசெய்யவும்: ஆம், இல்லை, பார்க்கலாம்."

துவைக்கும் அறையில் கொண்டாட்டம். அனுப்பிய செய்தியை ஒருவர் விடாமல் திறந்து படித்திருந்தார்கள். பலர் இரண்டு முறை. சிலர் அதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டியிருக்க வேண்டும். திரையில் கோடு செங்குத்தாக ஏறியது.

அதே நேரத்தில் வீட்டில் அம்மாவின் போன் அடித்தது. திஹொமிரின் அக்கா மிலுங்கா.

"ஏன்டி தெசாங்கா, அஞ்சே முக்கால் ஆனா எங்களையெல்லாம் வெளிய தள்ளிக் கதவச் சாத்திடுவீங்களாமே?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"எனக்கு ஒன்றரை மணி நேரமாம். உன் எதிர்வீட்டுக்காரனுக்கு ரெண்டு மணி நேரமாம். அவன் என்ன, திஹொமிருக்குக் கூடப் பொறந்தவனா?"

திஹொமிருக்குச் செய்தி பேருந்திலேயே கிடைத்தது. ஏறுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, "நான் 'பார்க்கலாம்'னு அமுக்கிட்டேன், மனசுல வெச்சுக்காதப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் மகன் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ராதிசாவுக்கும் போச்சா?"

ராதிசாவ் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அதைவிட முக்கியம், அவர் இந்த வீட்டின் கூம். திஹொமிரின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவர், பிறந்த குழந்தையைக் கோயிலில் கையில் ஏந்தியவர். பெயர் வைக்கும் உரிமை கூமுக்குத்தான். பெற்றவர்கள் லூகா என்று ஆசைப்பட்டுக் காத்திருந்தபோது, யாரையும் கேட்காமல் வுகாஷின் என்று வைத்தவர். ஸ்லாவா ரொட்டியை வீட்டுக்காரர் ஒரு பக்கமும் கூம் மறு பக்கமும் பிடித்துச் சுற்றித்தான் உடைப்பார்கள். திஹொமிருக்கும் ராதிசாவுக்கும் கூடப்பிறந்தவர்களிடம் இல்லாத ஒட்டுதல். பெயர் வைத்த அந்த மனிதருக்கு அந்தப் பெயர்க்காரன் அனுப்பியது: அன்புள்ள விருந்தினரே.

"போச்சுப்பா," என்றான் வுகாஷின்.

"திரும்ப எடு."

"எடுக்க முடியாது. அந்த வசதி அடுத்த பதிப்புலதான் வருது."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு போன் பண்ணுங்களேன்ப்பா. 'தப்பா வந்துருச்சு கூம், நீ வா'ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது."

"'வா'ன்னு சொன்னா அதுக்குப் பேர் என்னடா?"

வுகாஷின் யோசித்தான். "அழைப்பு," என்றான்.

"நேர்ல போய் என்னன்னு சொல்லட்டும்? எப்பவும்போல அழைக்காம வந்துடுன்னு அழைக்கட்டுமா?"

எவ்வளவு பெரிய பொறியாளர்கள் உட்கார்ந்து யோசித்தாலும் இந்தச் சிக்கலுக்கு வெளிவாசல் கிடையாது. அழைக்காததனால்தான் ராதிசாவ் அந்த வீட்டு மனிதர். அழைத்தாகிவிட்டது, ஆகவே விருந்தாளி ஆகிவிட்டார். அதை ரத்து செய்ய மறுபடி ஒரு தரம் அழைக்க வேண்டும், அழைத்தால் இரண்டு மடங்கு விருந்தாளி. ஒன்றும் செய்யாமல் இருப்பது ஒன்றுதான் வழி என்று முடிவாயிற்று. அப்பா அதையே செய்தார். செயலிக்குத்தான் சும்மா இருக்கத் தெரியவில்லை.

பதில் தராதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் ஏற்பாடு ரெல்யாவின் சொந்தப் படைப்பு. அது போகப் போகிறது என்பது வுகாஷினுக்குத் திரையில் தெரிந்தது. நிறுத்தக் கடவுச்சொல் வேண்டும். பாதுகாப்பு முக்கியம் என்று விதாக் சொன்னதால் ரெல்யா அதை மாற்றியிருந்தான். ரெல்யா தேர்வு அறையில் இருந்தான், போனை வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள். தன் சொந்த நிறுவனம் இயங்குவதை, அதன் நிறுவனர், கையைப் பிசைந்துகொண்டு பார்த்தான்.

"நீங்கள் இன்னும் பதில் அளிக்கவில்லை. உங்கள் இடம் காத்திருக்கும் அடுத்தவருக்கு வழங்கப்படும்."

பெறுநர்: ராதிசாவ்.

ஸ்லாவா அன்று மற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒதுக்கிய நேரத்தை மதித்தவர் ஒருவரும் இல்லை. பேசி வைத்துக்கொண்டவர்கள்போல ஒரே சமயத்தில் வந்து நிறைந்தார்கள். மிலுங்கா அத்தை எதிர்வீட்டுக்காரரின் நேரத்தில் வந்து எதிர்வீட்டுக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் நேரம் முடிஞ்சா சொல்லுடா, கோட்ட மாட்டிக்கிறேன்," என்றாள் வுகாஷினிடம்.

"அத்தை, விடுங்க."

"அதுக்கும் ஒரு பொத்தான் வெச்சிருப்பியே."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், கதவைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அவர் கையிலிருந்த குப்பி பாதியில் நின்றது. மெழுகுவர்த்தி பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. ரொட்டி உடைபடாமல் மேஜை நடுவில் இருந்தது. பேச்சு மெல்ல ஓய்ந்து எல்லோரும் ரொட்டியைப் பார்க்க ஆரம்பித்தபோது அப்பா தொண்டையைச் செருமினார்.

"வா. அந்தப் பக்கம் பிடி."

வுகாஷின் பிடித்தான். எந்தப் பக்கம் சுற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ரொட்டி கோணலாகப் பிய்ந்தது. மிலுங்கா அத்தைகூடக் கிண்டல் செய்யவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஸ்வோனோ எல்லோரையும் நலம் விசாரித்து, உணவுக்கு மதிப்பெண் கேட்டது. முடிவுகள் வீட்டுத் தலைவியின் போனுக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தன.

"யாருடா என் சார்மாவுக்கு ரெண்டு நட்சத்திரம் போட்டது?"

"அது ரகசியம்மா. வெளிய சொல்லக் கூடாது."

"சரி," என்றாள் அம்மா. அந்த வாரம் முழுதும் அவனுக்கு மூன்று வேளையும் மீந்துபோன இரண்டு நட்சத்திரச் சார்மாவே கிடைத்தது.

போட்டியில் அவர்கள் வென்றார்கள். பரிசாக ஒரு பொது அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு மேஜை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத ஆரஞ்சு நிற மெத்தைப் பை ஒன்று. மேடையில் விதாக் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"அனுப்பினதுல ஒருத்தர் விடாம படிச்சிருக்காங்க. இப்படி ஒரு ஈடுபாட்ட நான் டப்ளின்லகூடப் பாத்ததில்ல. வராதவங்க எத்தன பேர்?"

"ஒருத்தர்."

"ஒண்ணே ஒண்ணா? அதெல்லாம் பிழை வரம்புக்குள்ள அடங்கிடும்."

அந்த ஒருவர் யார் என்று சொல்ல வுகாஷின் வாயைத் திறந்தான். கைதட்டல் அதை மூடிவிட்டது.

பிழை வரம்புக்குள் அடங்கியவரின் பட்டறை திஹொமிரின் பேருந்துத் தடத்திலேயே இருந்தது. பட்டறையைத் தாண்டும்போது அவர் இரண்டு தரம் ஹாரன் அடிப்பதும், உள்ளேயிருந்து செப்புக் கம்பியோடு ஒரு கை உயர்வதும் அந்தத் தடத்துப் பயணிகளுக்கு நிறுத்தத்தைப்போலப் பழகியிருந்தது. ஒரு நாள் வுகாஷின் அந்தப் பேருந்தில் முன்பக்கம் நின்றுகொண்டு போனான். பட்டறை வந்தது. அப்பாவின் உள்ளங்கை ஹாரன்மேல் போய் அழுத்தாமல் இருந்தது. பட்டறைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர், வண்டிச் சத்தத்துக்குத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினார், திரும்பவில்லை. பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டது. இதற்கு என்ன பதிப்பு வெளியிடுவது என்று நிறுவனருக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் புனித நிகோலா நாள் வந்தது. ராதிசாவ் வீட்டு ஸ்லாவா. அம்மா வழக்கம்போல ஒரு குப்பி ஒயினும் ஒரு பொட்டலம் காப்பித்தூளும் மேஜைமேல் எடுத்து வைத்தாள். அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார்.

"கிளம்பலையாப்பா?"

"அவன் வரல. நான் போய் நின்னா, 'பாரு, நீ வரல, நான் வந்துட்டேன்'னு குத்திக்காட்டுற மாதிரி இருக்கும்."

"போகலைன்னா?"

"போகலைன்னா அதோட போச்சு." அப்பா குப்பியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "ரெண்டும் தெரியுதுடா எனக்கு. காலுதான் எழும்பல."

போன் பண்ணலாமே என்று வுகாஷின் சொல்லவில்லை. ஸ்வோனோவினால் விளைந்த முதல் முன்னேற்றம் என்று இதைக் குறித்துக்கொள்ளலாம். குப்பியையும் காப்பித்தூளையும் அவனே எடுத்துக்கொண்டு கிளம்பினான். அப்பா தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை.

ராதிசாவ் வீட்டு வாசலில் நின்றபோது அவன் விரல் பழக்கதோஷத்தில் போனுக்குப் போனது, 'வெளிய நிக்கிறேன்' என்று அனுப்ப. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கதவு தாழிடாமல்தான் இருக்கும் என்று தெரிந்தும் தட்டினான். ராதிசாவின் மனைவி லூபிங்கா திறந்தாள். ஒன்றும் கேட்காமல், வேகவைத்துச் சர்க்கரை போட்டு இடித்த கோதுமையை நீட்டினாள். அவன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டான்.

உள்ளே மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராதிசாவ் சுவரோரம் நின்றிருந்தார், கையில் ராக்கியா என்னும் பழச்சாராயக் குப்பி.

"உனக்கு எத்தன மணி வரைக்கும்?"

யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது.

"தெரியல, கூம் மாமா."

ராதிசாவ் குப்பியால் மேஜைப் பக்கம் காட்டினார். "அப்ப உக்காரு."

உட்கார்ந்தான். மீன் வந்தது, அவரை வந்தது. ராதிசாவ் அவனுக்கு ஊற்றினார். அவனுடைய அப்பாவைப்பற்றிக் கேட்கவில்லை. அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, அதன் முன்னால் ஒரு தட்டும் கவிழ்த்த குவளையும் இருந்தன. புதிதாக வந்த ஒருவர் அதில் உட்காரப் போனபோது லூபிங்கா, "இங்க வாங்க, இங்க காத்து வரும்," என்று வேறு இடத்துக்கு அழைத்துப் போனாள். ரொட்டி மேஜை நடுவில் முழுசாக இருந்தது. ராதிசாவ் ஒவ்வொருவருக்காக ஊற்றிக்கொண்டு வந்தார், கண் மட்டும் எல்லோர் தலைக்கும் மேலாக வாசலுக்குப் போய்ப் போய் வந்தது.

வுகாஷின் மேஜைக்கு அடியில் போனை எடுத்தான். அப்பா என்ற பெயரைத் திறந்தான். 'வாங்க' என்று ஒரு சொல் போதும். நாட்டிலேயே சிறந்த அழைப்புச் செயலியை வைத்திருந்தவனுக்கு அனுப்பக் கூடாத ஒரே சொல்லும் அதுதான்.

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பேச்சில் கலந்துகொள்ளாமல், வாசக்கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.